கணக்குப் புத்தகம் யார் கையில்?

உணவுப் பொட்டலத்தை வாசலில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு விரைகிற இளைஞர், செயலியை நடத்தும் நிறுவனத்தின் தொழிலாளியா, இல்லை சொந்தமாகத் தொழில் செய்பவரா? ஐரோப்பாவில் தொழிலாளர் சட்ட விவாதம் பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஊபர் ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் விடுப்பும் உண்டு என்று 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்களைத் தொழிலாளிகளாகவே கருத வேண்டும் என்று அதே ஆண்டு ஸ்பெயின் சட்டம் போட்டது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியமே இதற்கென ஒரு நெறிமுறையை நிறைவேற்றியது. 2026 டிசம்பர் 2-ஆம் தேதிக்குள் 27 உறுப்பு நாடுகளும் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றியத்துக்குள் செயலி வழியாக வேலை பார்ப்பவர்கள் 2 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடு. அவர்களில் 55 லட்சம் பேர் வரை, உண்மையில் தொழிலாளிகளாக இருந்தும், சுயதொழில் செய்பவர்கள் என்ற பட்டியலில் தவறாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்றும் அது சொல்லியிருந்தது.

இருபத்தோராம் நூற்றாண்டின் புதுச் சிக்கல் என்று இதைப் பலரும் எழுதுகிறார்கள். தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகிற சாலையில் இருக்கும் கடையநல்லூரில் இந்தச் சிக்கலுக்கு வயது அதிகம். ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஊர் இது. ஒரு காலத்தில் கைத்தறிக்கும் பெயர் பெற்றிருந்தது. இங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் பெண்களின் கையில் ரொக்கம் புழங்குகிறதென்றால் அதற்குப் பெரும்பாலும் பீடிதான் காரணம். பீடிக் கடையில் இலையும் தூளும் நூலும் எடை போட்டுக் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இலையை நனைத்து, பதம் வந்ததும் அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு சுற்றி, நூல் கட்டி, முனையை மடக்கி, கட்டுக் கட்டாக அடுக்கித் திரும்பக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கடைக்காரர் எண்ணிப் பார்ப்பார். பருமன் சரியில்லை, முனை விரிகிறது என்று சிலவற்றைக் கழிப்பார். மீதிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி எழுதுவார். கம்பெனிக்காரர் யாரும் பீடி சுற்றுகிற வீட்டுக்கு வந்ததில்லை. வேலை நேரத்தை யாரும் விதித்ததில்லை. அப்படியானால் சுற்றுகிற பெண் யாருடைய தொழிலாளி? ஐரோப்பாவில் உணவுப் பொட்டலம் கொண்டுபோகிற இளைஞரைப் பற்றிக் கேட்கிற அதே கேள்விதான்.

நம் நீதிமன்றங்கள் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டன. சேலம் பீடித் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில், கம்பெனி சொன்ன வாதம் இதுதான்: இலையையும் தூளையும் ஏஜெண்டுகளுக்கு விற்கிறோம், சுற்றிய பீடியை அவர்களிடமிருந்து வாங்குகிறோம், நடுவில் யார் சுற்றினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. 1964-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏஜெண்டுகள் பெயருக்குத்தான் தனி வியாபாரிகள், உண்மையில் கம்பெனியின் கிளை மேலாளர்களைப் போன்றவர்கள், ஆகவே சுற்றுகிறவர்கள் கம்பெனியின் தொழிலாளிகளே என்றது. 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அதை இன்னும் தெளிவாக்கியது. முதலாளியோ ஒப்பந்தக்காரரோ மூலப்பொருள் கொடுக்க, வீட்டிலிருந்து பீடியாக்கித் தருகிறவரும் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குள் அடங்குவார் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். முதலாளிகள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1977-இல் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) பீடித் தொழிலுக்கு வந்தது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் அது உண்டா என்ற வழக்கில், உண்டு என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள் மேற்பார்வை இல்லையே என்றது முதலாளித் தரப்பு. சரியில்லாத பீடியைக் கழிக்கிற அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறதே, மேற்பார்வை என்பதற்கு அதுவே போதும் என்றது நீதிமன்றம். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஊபர் வழக்கில் லண்டன் நீதிபதிகள், பயணிகள் போடும் நட்சத்திரத்தை வைத்து ஓட்டுநரை நீக்குகிற அதிகாரத்தைச் சுட்டிக்காட்டியபோது, ஏறத்தாழ இதே வழியில்தான் நடந்தார்கள்.

ஆக, யார் தொழிலாளி என்ற கேள்வியில் பீடி சுற்றும் பெண்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஜெயித்துவிட்டார்கள். ஜெயித்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் ஐரோப்பா நம்மிடம் படிக்க வேண்டிய பாடம். நாமும் அதை மறந்துகொண்டு வருகிறோம்.

உரிமை கிடைத்தது உண்மை. ஆனால் அந்த உரிமை ஒரு பாஸ் புத்தகத்தின் வழியாகத்தான் நடைமுறைக்கு வரும். எத்தனை ஆயிரம் சுற்றினார், எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, பி.எஃப். பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். எழுதுகிறவர் கடைக்காரர். எழுதாமல் விடுவதில் லாபமும் அவர் பக்கம்தான். ஒரு வீட்டில் மாமியார், மருமகள், மகள் என்று மூன்று பேர் சுற்றினாலும் புத்தகம் ஒருவர் பெயரில்தான் இருக்கும். மற்ற இருவரின் உழைப்புக்கும் சட்டத்தின் கண்ணில் இருப்பே இல்லை. கொடுத்த இலை ஆயிரத்துக்குப் போதாமல் போனால், குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வெளியே வாங்கிச் சுற்றிக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வராது. மூலப்பொருள் கொடுப்பதிலோ பீடியைக் கழிப்பதிலோ தகராறு வந்தால் தீர்த்துவைக்க 1966 சட்டத்திலேயே வழி இருந்தது. ஆனால் எத்தனை கட்டு கழிந்தது என்பதற்குச் சான்று கடைக்காரர் வாக்குதான். நாளைக்கும் அவரிடமே போய் இலை வாங்க வேண்டிய பெண் யாரிடம் போய்ப் புகார் சொல்வார்? முப்பது ஆண்டு சுற்றிவிட்டு ஓய்வூதியத்துக்கு எழுதிப் போடும்போது பி.எஃப். பதிவில் ஒரு பெயர், ஆதாரில் வேறொரு பெயர், பிறந்த ஆண்டில் இன்னொரு குழப்பம் என்று இழுபடுவதும் இதே கோளாறின் தொடர்ச்சி. அப்படியே வந்துவிட்டாலும் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். 2014-இல் நிர்ணயித்தது.

சட்டத்துக்குள்ளேயே ஒரு புழக்கடையும் இருந்தது. சொந்த வீட்டில் குடும்பத்தாரோடு சேர்ந்து பீடி செய்கிறவருக்கு, அவர் வேறொரு முதலாளியின் தொழிலாளியாக இல்லாத வரையில், இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு பிரிவு. உண்மையான சுயதொழில்காரரைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதியிருப்பார்கள். ஆனால் தூளை ‘விற்று’ பீடியை ‘வாங்குகிற’ பழைய நாடகத்தை மறுபடி அரங்கேற்ற விரும்புகிறவருக்கு அது வசதியான வாசல். சேலம் தீர்ப்பு அந்த நாடகத்தை அம்பலப்படுத்தியதுதான். ஆனால் தீர்ப்பு, வழக்குப் போடுகிற சங்கம் உள்ள இடத்தில்தான் வேலை செய்யும்.

இன்னொரு ஓட்டை எல்லைக் கோட்டில். 1966 சட்டம் மத்திய அரசினுடையது என்றாலும் அமல்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பாக இருந்தது. 1968-இல் கேரளம் அதை முனைப்பாக அமல்படுத்தத் தொடங்கியதும், மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய கம்பெனிகள் கண்ணூர்ப் பக்கத்தில் இருந்த கிளைகளை மூடிவிட்டு, அமலில் தளர்வு இருந்த பக்கம் வேலையை நகர்த்தின. ஏறத்தாழ 12,000 பேர் ஒரே வீச்சில் வேலை இழந்தார்கள். அவர்களுக்காக 1969-இல் உருவானதுதான் கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம். அந்தக் கதை தனியே எழுத வேண்டிய அளவுக்குப் பெரியது. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரே சட்டத்தை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாக நடத்தினால், வேலை பள்ளத்தை நோக்கி ஓடிவிடும். ஐரோப்பிய ஆணையம் 2021-இல் முன்வைத்த வரைவில், யாரைத் தொழிலாளி என்று கருதுவது என்பதற்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஐந்து அளவுகோல்கள் இருந்தன. பேரம் பேசிப் பேசி, கடைசியில் அந்தப் பொது அளவுகோல்களைக் கைவிட்டு, அந்தந்த நாட்டுச் சட்டமும் வழக்கமும் தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1968-இன் கண்ணூரை அறிந்த யாருக்கும் இது நல்ல சகுனமாகத் தெரியாது.

ஆனால் 2024-இல் நிறைவேறிய அதே ஐரோப்பிய நெறிமுறையில் நம் 1966 சட்டத்தில் இல்லாத ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. நிறுவனத்தின் கட்டுப்பாடு இருப்பதாகத் தெரிந்தால், வேலை பார்க்கிறவர் தொழிலாளி என்றே முதலில் கருதப்படுவார். இல்லை என்று மெய்ப்பிக்கிற சுமை நிறுவனத்துக்கு. செயலி எந்த அடிப்படையில் வேலையைப் பங்கிடுகிறது, கூலியைக் கணக்கிடுகிறது என்பதைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும். ஒருவரை நீக்கும் முடிவைக் கணினி தானாக எடுக்கக் கூடாது, மனிதர் ஒருவர் எடுக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், கடைக்காரர் பூட்டி வைத்திருக்கிற கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்கிறது. என் பார்வையில், வரையறைச் சண்டையைவிட இதுதான் கனமான விஷயம்.

இவர்களைத் தொழிலாளி என்று ஏற்பதற்கு வருகிற மறுப்புகளில் வலுவானது, சுதந்திரம் பற்றியது. சோறு ஆக்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நேரம் கிடைக்கும்போது சுற்றலாம் என்பதால்தானே பெண்கள் பீடியை எடுக்கிறார்கள். தொழிலாளி என்று ஆக்கினால் காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்ட மாட்டார்களா? செயலி நிறுவனங்களும் இதைத்தான் சொல்கின்றன. இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. வெளியூர் போய் வேலை பார்க்கச் சூழ்நிலை இடம் கொடுக்காத பெண்ணுக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலைதான் ஒரே வருமானம். ஆனால் 1966 சட்டம் யாரையும் தொழிற்சாலைக்கு இழுக்கவில்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலியையும் அது மாற்றவில்லை. வீட்டிலேயே இருந்து, தன் நேரத்தில், பீஸ் ரேட்டில் வேலை செய்துகொண்டே ஒருவர் தொழிலாளியாக இருக்க முடியும் என்பதை அது காட்டியது. சுதந்திரம் போய்விடும் என்று ஸ்பெயினில் பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய குளோவோ என்ற உணவு டெலிவரி நிறுவனமே, தன் ஆட்களைத் தொழிலாளிகளாக எடுத்துக்கொள்வதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. எல்லா நீதிமன்றங்களும் ஒரே பக்கம் சாயவில்லை என்பதும் உண்மை. டெலிவரூ என்ற உணவு டெலிவரி நிறுவனத்தின் ஆட்கள் தமக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம் என்பதைக் காரணம் காட்டி, அவர்களுக்குச் சங்கமாகப் பேரம் பேசும் உரிமை இல்லை என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. அந்த அளவுகோலை நம் ஊரில் வைத்தால், உடம்புக்கு முடியாத நாளில் மகள் உட்கார்ந்து சுற்றிக் கொடுக்கிற ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் உரிமை இழப்பார்.

பீடியே உடம்புக்குக் கேடு, அழிகிற தொழில், அதற்கு எதற்குச் சட்டம் என்று கேட்பவர்களும் உண்டு. கேடு என்பதில் சந்தேகமில்லை. புகைக்கிறவருக்கு மட்டுமல்ல, நாள் முழுக்கத் தூளின் நெடியில் உட்காருகிறவருக்கும்தான். அழிகிற தொழில் என்றால் அதிலிருக்கும் தொழிலாளியின் பழைய பாக்கியைத் தீர்ப்பது இன்னும் அவசரமாகிறது. நடந்தது நேர்மாறு. 1976-இல் வந்த ஒரு சட்டத்தின்படி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று மேல்வரி பிடித்து, மருத்துவமனை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீட்டுக் கடன் என்று ஒரு நல நிதி நடந்துவந்தது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான மருத்துவமனை அந்த வழியில் வந்ததுதான். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த மேல்வரி ஒழிக்கப்பட்டது. தொழிலிலிருந்தே வந்துகொண்டிருந்த பணம் நின்று, ஆண்டுதோறும் பட்ஜெட்டின் தயவை எதிர்பார்க்கிற நிதியாகிவிட்டது அது.

இந்தப் பின்னணியோடுதான் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் படிக்க வேண்டும். 29 பழைய சட்டங்களை அவை விழுங்கின; 1966 பீடிச் சட்டமும் அவற்றில் ஒன்று. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ‘அமைப்புசாராத் தொழிலாளி’ யார் என்கிற வரையறையில் முதலில் நிற்பவர் வீட்டிலிருந்து வேலை செய்பவர். செயலி வழி வேலை பார்க்கும் கிக் தொழிலாளிக்கோ, வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர் என்று வரையறையிலேயே எழுதிவிட்டார்கள். சேலத்தில் அந்தக் கம்பெனி வாதாடித் தோற்ற வாதத்தை, அறுபது ஆண்டு கழித்துச் சட்டமே எடுத்துக் கொடுக்கிறது. ஈடாக, நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை ஒரு சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். இது எதுவும் இல்லாததைவிட மேல்தான்; கோடிக்கணக்கானவர்கள் முதன்முறையாக ஒரு பட்டியலுக்குள் வருகிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் நிதியிலிருந்து வருவது உதவி. குறைந்தபட்ச ஊதியம் கேட்டு வழக்குப் போடும் உரிமை அல்ல.

மாநிலங்கள் இதில் ஒரே மாதிரி நடக்கவில்லை. தமிழ்நாடு 2023-இல் கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு உதவிகள் தருவது அதன் வேலை. கர்நாடகம் 2025-இல் இயற்றிய சட்டம் கூடுதலாக இரண்டு அடி வைக்கிறது. வேலையைப் பங்கிடும் கணினி முறை எப்படி இயங்குகிறது என்பதைத் தொழிலாளி கேட்டால் நிறுவனம் விளக்க வேண்டும். ஒருவரை நீக்குவதானால் காரணம் எழுதி 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கடையநல்லூரில் பைக்கில் பார்சல் கொண்டுபோகிற இளைஞருக்கு இன்றைக்கு இந்த இரண்டும் கிடையாது. அவர் எத்தனை ஆர்டர் எடுத்தார், எதற்காகத் தொகை குறைந்தது, எதனால் கணக்கு முடக்கப்பட்டது என்பதெல்லாம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அவருடைய அம்மாவின் பீடிக் கணக்கு கடைக்காரரின் மேசை இழுப்பறையில் இருந்தது.