அன்றாட வாழ்வில் ஞானம்

கல்வி மிகுந்தால் ஞானமும் தானே மிகும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை எனக்கு உணர்த்தியவர் என்னோடு பணியாற்றிய ஒரு கிறிஸ்தவ ஆசிரியை. அவரைப் பற்றிச் சொல்லுமுன், கிறிஸ்தவர்களின் திருமறை ஞானம் என்று எதனைக் கருதுகிறது என்பதைச் சிறிது பார்ப்போம்.

பைபிளின் பழைய ஏற்பாட்டில் நீதிமொழிகள் என்றொரு நூல் உண்டு. அதன் 31ஆம் அதிகாரம் ஒரு நல்ல இல்லத்தரசியைப் பற்றிய 22 அடிகளோடு முடிகிறது. எபிரெய மொழியின் 22 எழுத்துக்களும் வரிசை முறையே அவ்வடிகளின் முதலெழுத்தாக அமைந்துள்ளன. அப்பெண் காட்டிற் சென்று தவம் செய்பவள் அல்லள். விடியுமுன் எழுந்து வீட்டாருக்கு உணவளிக்கிறாள்; நூல் நூற்கிறாள்; நிலத்தை ஆராய்ந்து பார்த்து வாங்கித் திராட்சைத் தோட்டம் போடுகிறாள்; ஏழைக்குக் கை நீட்டிக் கொடுக்கிறாள்; பேசும்போது ஞானத்தோடும் அன்போடும் பேசுகிறாள். அவளுடைய தெய்வபக்தியோ முடிவிலேதான் சொல்லப்படுகிறது. மரத்தின் வேர் மண்ணுக்குள் மறைந்திருக்க, இலையும் கனியுமே நம் கண்ணுக்குப் புலப்படுகின்றன அல்லவா? அதுபோன்றது இது.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபமும் இதனையே வற்புறுத்துகிறது. ஞானி என்பவன் தன் ஞானத்தை நடத்தையிலே காட்ட வேண்டும். விண்ணிலிருந்து வரும் ஞானம் தூயது, சமாதானத்தை நாடுவது, சாந்தமும் இரக்கமும் உடையது என்பது அதன் கருத்து. பசித்தவனை நோக்கி வயிறார உண்பாயாக என்று வாயால் வாழ்த்திவிட்டு ஒன்றும் கொடாமற் போவதால் பயனில்லை என்றும் அது இடித்துரைக்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்றாக விளங்கியவர் பண்டித ரமாபாய். 1858ஆம் ஆண்டு பிறந்த இவர் தம் தாயாரிடமே வடமொழி பயின்றார். 1870களிற் பஞ்சத்தின் கொடுமையாற் பெற்றோரை இழந்து, தமையனோடு கால்நடையாகவே நாடெங்கும் அலைந்தார். 1878இல் கல்கத்தா நகரத்து அறிஞர்கள் இவருடைய புலமையைக் கண்டு வியந்து, ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை அளித்தனர். 1883இல் இங்கிலாந்திலே கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார். 1889இல் இளம் விதவைகள் கல்வி பெறுவதற்காகப் பம்பாயிலே சாரதா சதனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு அது புனாவுக்கு மாற்றப்பட்டது.

சதனம் நன்கொடையை மட்டுமே நம்பியிருத்தல் ஆகாது என்று கருதி, புனாவுக்கு அப்பாலுள்ள கேட்காவ் என்னும் சிற்றூரில் நிலம் வாங்கிப் பழமரங்களை வைத்தார். நீதிமொழிகள் காட்டும் இல்லத்தரசி செய்த செயலும் இதுவேயன்றோ! 1896-97ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, தாமே மத்திய மாகாணங்களுக்குச் சென்று நூற்றுக்கணக்கான சிறுமியரையும் பெண்களையும் மீட்டு வந்தார். அவர்களுக்குப் புகலிடமாக அமைந்தது அந்த நிலமே. அங்குதான் ‘முக்தி’ இல்லம் எழுந்தது. 1900ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2,000 பேர் அங்கே வாழ்ந்தனர். வடமொழிப் புலமை ஒன்றே அத்தனை பேருக்கும் சோறிட்டிருக்க முடியுமா? நெசவு, பால்பண்ணை, அச்சுத்தொழில் முதலியவற்றை அவர்கள் கற்றனர். பார்வையற்ற பெண்களுக்கும் கல்வி புகட்டப்பட்டது. தம் புலமையையும் ரமாபாய் வீணாக்கவில்லை. எபிரெயமும் கிரேக்கமும் பயின்று, எளிய பெண்களுக்கும் விளங்கும் மராத்தியிலே பைபிளை மொழிபெயர்த்தார். அவ்வில்லத்துப் பெண்களே அதற்கு அச்செழுத்துக் கோத்தனர். அப்பெரும் பணியை முடித்து, 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

இத்தகைய ஞானம் பெரியோர்க்கு மட்டுமே உரியது என்று நினைத்துவிடாதீர்கள். முதலிற் குறிப்பிட்ட ஆசிரியைக்கு வருகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் அவர் தையல் கற்பித்தார். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நாள்தோறும் தாமதமாக வருவாள். தாமதித்து வருவோர் முதற் பாடவேளை முடியும்வரை வெளியே நிற்க வேண்டும் என்பது நான் இட்ட விதி. அவளும் நின்றாள், கணக்குப் பாடத்தை நாள்தோறும் இழந்தாள்.

ஒரு நாள் மாலை, மற்றவர்கள் எல்லாம் சென்றபின், அந்த ஆசிரியை என் அறைக்கு வந்தார். “ஐயா, அந்தப் பிள்ளை ஏன் தாமதிக்கிறாள் என்று கேட்டீர்களா?” என்றார். நான் கேட்டதில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை அச்சிறுமியின் வீட்டிற்கே சென்று பார்த்திருந்தார். தாய் நோயிற் கிடந்தாள்; தெருக்குழாயில் எட்டு மணிக்குத்தான் தண்ணீர் வரும்; அதைப் பிடித்து வைத்து, தம்பியர் இருவருக்கும் சமைத்துவிட்டுத்தான் அவள் புறப்பட வேண்டும். அம்மாத இறுதியிற் பள்ளியை விட்டு நின்றுவிடவும் அவள் தீர்மானித்திருந்தாள்.

விதியைத் தளர்த்தும்படி ஆசிரியை கேட்கவில்லை. பத்து நாள் தவணை மட்டுமே கேட்டார். அதற்குள் அண்டை வீட்டு அம்மாளிடம் பேசி, தண்ணீர் பிடித்து வைக்க ஏற்பாடு செய்தார்; அதற்கு ஈடாக அந்த அம்மாளின் பிள்ளைகளுக்குத் தாமே சட்டை தைத்துக் கொடுத்தார். பதினோராம் நாள் மணி அடிக்குமுன்பே சிறுமி வகுப்பில் இருந்தாள். பள்ளி இறுதித் தேர்விலும் பின்னர் நன்றாகத் தேறினாள்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிலே குழந்தை உளநூலை நான் ஊன்றிப் பயின்றவன். அப்படிப்பு என்னை ஒரு கேள்வி கேட்கவும் தூண்டவில்லை. உங்களுக்கு மட்டும் இது எவ்வாறு தோன்றிற்று என்று பின்னொரு நாள் அவரை வினவினேன். “காலையில் ஜெபிக்கும்போது பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுவேன், ஐயா. பெயரைச் சொல்லிவிட்டு, அவர்கள் நிலை என்னவென்று அறியாமலிருக்க மனம் வருவதில்லை” என்றார்.

பிறர் முன்னிலையில் என்னை அவர் குறை கூறவில்லை, விதியையும் பழிக்கவில்லை, ஆயினும் ஒரு சிறுமியின் கல்வியைக் காத்துவிட்டார். யாக்கோபு கூறிய சாந்தமும் இரக்கமும் இவையே என்று அன்று அறிந்தேன்.

மாணவ மாணவியரே, நீங்கள் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் ஆகுக. நாளைக் காலை உங்கள் வகுப்பில் யாரேனும் ஒருவர் வாடிய முகத்தோடு அமர்ந்திருக்கக் கூடும். அவர் அருகிற் சென்று, ஏன் என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.