தீம் பார்க் சுற்றுலா: சாப்பாட்டுச் செலவுக்கு ஓர் எக்ஸெல் ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "எக்ஸெல் எல்லாம் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்குத்தானே, வீட்டில் அதற்கு என்ன வேலை?" என்பதுதான். குடும்பத்தோடு ஒரு சுற்றுலா கிளம்பிப் பாருங்கள், அதன் வேலை தெரிந்துவிடும். விமானக் கட்டணம், ஓட்டல் வாடகை, நுழைவுச் சீட்டு ஆகிய மூன்றும் கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். கையைக் கடிப்பது சாப்பாடும் சில்லறைச் செலவுகளும்தான்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் ஆர்லாண்டோ அருகே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டை எடுத்துக்கொள்வோம். 1971ல் திறக்கப்பட்ட இதற்குள் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என நான்கு பூங்காக்கள் உள்ளன. அமெரிக்காவில் பணிபுரியும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் பலர் சென்று வரும் இடம் இது. அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் எட்டு வயது மகன், நான் என ஐந்து பேர், நான்கு நாட்கள் என்று வைத்துக் கணக்கிடுவோம்.

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். கீழே உள்ள வழிகள் இரண்டுக்கும் பொருந்தும்.

ஷீட்டைத் தயார் செய்தல்

புதிய ஒர்க்ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். ஏ1 செல்லில் "டாலர் மதிப்பு" என டைப் செய்து, பி1 செல்லில் அன்றைய ரூபாய் மதிப்பைக் கொடுங்கள். இந்திய வங்கிக் கார்டில் செலவு செய்வதாக இருந்தால், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தையும் இதில் சேர்த்துவிடுங்கள். பல கார்டுகளில் இது 2 முதல் 3.5 சதவீதம் வரை வரும். ஏ2 செல்லில் "வரி" என்றும், பி2 செல்லில் 6.5% என்றும் அமையுங்கள். டிஸ்னி வேர்ல்டின் பெரும்பகுதி இருக்கும் ஆரஞ்சு கவுன்டியில் விற்பனை வரி இதுதான். மெனுவில் காணும் விலையில் இந்த வரி சேர்ந்திருக்காது.

ஐந்தாவது வரிசையில், ஏ முதல் ஜி வரை இந்தத் தலைப்புகளை வரிசையாக அமையுங்கள்: விவரம், பேர், விலை, தடவை, மொத்தம், டிப்ஸ், ஆகும் செலவு. ஆறாவது வரிசையிலிருந்து ஒவ்வொரு செலவாக எழுதுங்கள். விலைகள் பூங்காவின் இணையதளத்தில், ஒவ்வொரு உணவகத்தின் மெனு பக்கத்திலும் உள்ளன. அங்கே 3 முதல் 9 வயது வரை குழந்தைக் கணக்கு. 10 வயது ஆகிவிட்டால் பெரியவர்தான். எனவே பெரியவர்களுக்கு ஒரு வரிசை, குழந்தைக்கு ஒரு வரிசை எனப் பிரித்து எழுதுங்கள்.

பார்முலா அமைத்தல்

ஈ6 செல்லில் கர்சரை வைத்து = அடையாளம் டைப் செய்யுங்கள். பி6 செல்லைக் கிளிக் செய்து * தட்டுங்கள். அடுத்து சி6 கிளிக் செய்து மீண்டும் * தட்டி, டி6 கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். பேர், விலை, தடவை மூன்றும் பெருக்கப்பட்டு விடை கிடைக்கும்.

ஜி6 செல்லில் = தட்டி, ஈ6 கிளிக் செய்து, *(1+ என டைப் செய்யுங்கள். பிறகு பி2 செல்லைக் கிளிக் செய்து எஃப்4 கீயை ஒரு முறை அழுத்துங்கள். செல்லின் பெயரில் இரண்டு இடங்களில் $ அடையாளம் தோன்றும். பார்முலாவை எங்கே காப்பி செய்தாலும் வரியை இந்தச் செல்லிலிருந்தே எடுக்க வேண்டும் என்று இதற்குப் பொருள். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். தொடர்ந்து + தட்டி, எஃப்6 கிளிக் செய்து, அடைப்புக்குறியை மூடி என்டர் தட்டுங்கள்.

இனி ஈ6 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து, பத்தாவது வரிசை வரை இழுத்துவிடுங்கள். ஜி6 செல்லுக்கும் இப்படியே செய்யுங்கள். ஜி11ல் கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டினால் மொத்தம் கிடைக்கும். ஜி12ல் ஜி11ஐ பி1 ஆல் பெருக்கினால் ரூபாய்க் கணக்கு வந்துவிடும்.

டிப்ஸ் கட்டத்தில், மேஜைக்கு வந்து பரிமாறும் உணவகத்துக்கு மட்டும் 18% என எழுதுங்கள். கவுன்டரில் நாமே வாங்கிச் சாப்பிடும் இடத்துக்கு 0 போதும். ஆறு பேர் அல்லது அதற்கு மேல் சென்றால் அங்கே 18 சதவீதம் பில்லிலேயே சேர்க்கப்படும். அதைக் கவனிக்காமல் இரண்டாவது முறை டிப்ஸ் வைத்துவிடாதீர்கள்.

எண்கள் சொல்வது என்ன?

கணக்குக்காகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். கவுன்டரில் மதிய உணவு பெரியவருக்கு 16 டாலர், நான்கு பேர், நான்கு தடவை: வரியோடு 272.64. குழந்தைக்கு 9 டாலர் வீதம் 38.34. ஒரே ஒரு இரவு, மேஜை உணவகத்தில் பெரியவருக்கு 35 டாலர், குழந்தைக்கு 16 டாலர்: வரி, டிப்ஸ் சேர்த்து 174.30 மற்றும் 19.92. கடைசியாக ஐஸ்கிரீம், பாப்கார்ன் வகை. ஒன்று 7 டாலர், ஐந்து பேர், நாளுக்கு இரண்டு வீதம் எட்டுத் தடவை: 298.20. ஆக மொத்தம் 803.40 டாலர்.

நொறுக்குத் தீனிக்கு ஆகும் பணம், ஐந்து பேரின் நான்கு நாள் மதிய உணவுக்கு ஆகும் 310.98 டாலரை நெருங்கி நிற்பதைக் கவனியுங்கள். இப்போது அந்த வரிசையில் உள்ள 8ஐ அழித்து 4 எனக் கொடுங்கள். மொத்தம் உடனே 654.30 ஆகிவிடும். யாரையும் பட்டினி போடாமல் 149.10 டாலர் மிச்சம்! பேப்பரில் எழுதினால் முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும்.

தண்ணீருக்கும் இதே கதைதான். பாட்டில் 4 டாலர் என்று வைத்து, ஐந்து பேர் நாளுக்கு மூன்று வீதம் நான்கு நாட்கள் வாங்கினால் 240 டாலர். கவுன்டர் உணவகங்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் கப்பில் இலவசமாகவே தருகிறார்கள். வெளி உணவும் கொண்டு போகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. சூடு செய்யத் தேவையில்லாத உணவாக இருக்க வேண்டும். புளியோதரைக்கும் சப்பாத்திக்கும் தடை இல்லை.

உபரிச் செலவுகள்

ஷீட்டின் கீழே உள்ள + அடையாளத்தைக் கிளிக் செய்து, இன்னொரு ஷீட்டில் இவற்றை எழுதுங்கள். வரிசையில் காத்திருப்பதைக் குறைக்கும் ஃபாஸ்ட்பாஸ் 1999 முதல் இலவசமாக இருந்தது. 2021ல் அது கட்டணச் சேவையாக மாறியது. 2024 முதல் அதன் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ். நாளுக்கு நாள் விலை மாறும் என்பதால், நீங்கள் செல்லும் தேதிக்கான விலையைப் பார்த்து எழுதுங்கள். கோடையில் ஃபுளோரிடாவில் பிற்பகல் மழை சாதாரணம். மழைக்கோட்டை ஊரிலிருந்தே எடுத்துச் சென்றால் அந்த வரிசையில் 0 போடலாம். பொம்மைகளுக்கு, குழந்தையின் பெயரில் ஒரு தொகையை டிஸ்னி கிஃப்ட் கார்டில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கார்டில் உள்ளதற்குள் எதை வாங்குவது என்பதைக் குழந்தையே தேர்வு செய்யட்டும்.

இந்த ஷீட்டைக் கிளம்பும் முன்பே பெரியவர்களிடம் காட்டிவிடுங்கள் என்பது என் அனுபவம் சொல்லும் யோசனை. என் அப்பா எந்த விலைப் பலகையைப் பார்த்தாலும் மனதுக்குள் ரூபாயில் பெருக்கிவிடுவார். அடுத்து, "எனக்குப் பசிக்கலைப்பா, நீங்க சாப்பிடுங்க" என்பார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர் வெயிலில் வெறும் வயிற்றோடு நடப்பது ஆபத்து. அதனால் வீடியோ அழைப்பில் ஷீட்டைத் திறந்து, ஜி11 செல்லைக் காட்டி, "இது சாப்பாட்டுக்கென்றே எடுத்து வைத்த பணம், மிச்சம் பிடித்தால் பரிசு கிடையாது" என்றேன். விலைகளை அவரே ஒருமுறை கூட்டிச் சரிபார்த்தார். மேஜை உணவகம் ஒரு நாள் போதும் என்று முடிவு செய்ததும் அவர்தான். பூங்காவில் நான்கு நாட்களும் வேளைக்குச் சாப்பிட்டார்.

எச் பத்தியில் "செலவானது" எனத் தலைப்புக் கொடுத்து, ஒவ்வொரு இரவும் பில்களைப் பார்த்து நிரப்புங்கள். முதல் நாளே அதிகமாகிவிட்டது தெரிந்தால், மற்ற நாட்களில் சரி செய்துகொள்ளலாம். ஃபைலை சேவ் செய்து, அதன் காப்பி ஒன்றை மொபைலிலும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு பூங்காவுக்குச் சென்றால் பி1, பி2 செல்களையும் விலைகளையும் மட்டும் மாற்றினால் போதும். மற்ற வேலையை பார்முலாக்கள் பார்த்துக்கொள்ளும்.