கைபேசியை முன்னதாகவே எடுங்கள்

2026 ஜனவரியில் மினியாபொலிஸ் நகரில் அமெரிக்கக் குடிமக்கள் இருவரைக் குடியேற்றச் சோதனைக்கு வந்த அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். 7ஆம் தேதி காரில் இருந்த ஒரு பெண். 24ஆம் தேதி ஒரு செவிலியர். தற்காப்புக்காகச் சுட்டோம் என்று அரசு உடனே அறிவித்தது. தெருவில் நின்றவர்கள் எடுத்த காணொளிகள் வந்ததும் அந்த விளக்கத்தைப் பலரும் நம்ப மறுத்தார்கள். 2020இல் இதே ஊரில் ஜார்ஜ் ஃபிளாய்டு இறந்தபோதும் காவல்துறையின் முதல் அறிக்கை உடல்நலக் கோளாறு என்றுதான் சொன்னது. ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் கைபேசிதான் உண்மையை வெளியே கொண்டுவந்தது.

பொது இடத்தில் கடமையில் இருக்கும் அதிகாரியைப் படம் எடுக்கலாமா? எடுக்கலாம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் இந்த உரிமையைத் தருகிறது என்று 2011இல் பாஸ்டன் வழக்கிலும் அதற்குப் பின்னும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பல சொல்லிவிட்டன. அதிகாரியின் அனுமதி தேவையில்லை. ஆனால் குறுக்கே நிற்பது, வண்டியை மறிப்பது, அதிகாரி மேல் கை வைப்பது எல்லாம் வேறு கணக்கு. கூட்டாட்சிக் குற்ற வழக்கே பாயலாம். தள்ளிப் போ என்றால், 'போகிறேன்' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பின்வாங்கி, படம் எடுப்பதைத் தொடருங்கள். கைதே செய்தாலும் நீதிமன்ற ஆணை இல்லாமல் கைபேசிக்குள் தேட முடியாது என்பது 2014இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆனாலும் பாதுகாப்புக்காகக் கைரேகை, முகம் காட்டித் திறக்கும் வசதியை முன்பே அணைத்துவிட்டுக் கடவுச்சொல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி எப்போது சுடலாம்? ஆபத்தில்லாதவர் தப்பி ஓடுகிறார் என்பதற்காக மட்டும் சுடக்கூடாது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைவிட முக்கியமானது 2025 மே மாதத் தீர்ப்பு. சுட்ட அந்த ஒரு நொடியை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு முன் நடந்த அனைத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதிகாரி தானே போய் வண்டிக்கு முன்னால் நின்றாரா, முரண்பட்ட உத்தரவுகள் போட்டாரா, சுடப்பட்டவர் விலகத்தான் பார்த்தாரா? இதெல்லாம் வழக்கில் முக்கியமாகலாம். வெடிச்சத்தம் கேட்ட பிறகு கைபேசியை எடுத்தால் பாதிச் சாட்சியம் போய்விடும்.

பரிகாரம் என்று வரும்போது நெஞ்சு கனக்கிறது. மாநிலக் காவலர் மீது வழக்குப் போட 1871ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கூட்டாட்சி அதிகாரி மீது அப்படியொரு நாடு தழுவிய சட்டம் இல்லை. 1971இல் நீதிமன்றமே திறந்துவிட்ட வழியும் கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. எல்லைக்கு அப்பால் நின்ற பதினைந்து வயது மெக்சிகோ சிறுவனைச் சுட்ட எல்லைக் காவலர் மீது பெற்றோர் வழக்குத் தொடர 2020இல் உச்ச நீதிமன்றம் இடம் தரவில்லை. 2022இல் கதவை இன்னும் இறுக்கியது. மிஞ்சியிருப்பது அரசிடமே இழப்பீடு கேட்கும் வழி. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் அந்த அதிகாரியின் துறையிடம் எழுத்து மூலம் கோர வேண்டும். மறுத்தால் ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும். அங்கே ஜூரி கிடையாது. கெடுவைத் தவறவிட்டால் அதுவும் போச்சு.

விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வழக்கில் விடுதலையானாலும், கைதானதே விசாவுக்குச் சிக்கலாகலாம். முன்வரிசையில் நிற்பதைக் குடிமக்களுக்கு விடுங்கள். வழக்கறிஞரை அழைப்பது, பிடிபட்டவரின் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, சாப்பாடு கொண்டுபோவது ஆகியவையும் இதே அளவு முக்கியமான வேலைதான்.

படம் எடுத்த பின் அசல் கோப்பை வெட்டாமல், திருத்தாமல் வேறோர் இடத்திலும் சேமியுங்கள். நேரம், தெருப் பெயர், வண்டி எண், சீருடையில் இருந்த எழுத்து ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். வெளியிடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பிடிபட்டவரின் முகத்தை மறைத்துவிடுங்கள்.