அகர் எண்ணெய்

அகர் எண்ணெய் என்பது பிசின் ஏறிய அகில் கட்டையிலிருந்து வடித்தெடுக்கப்படும் நறுமண எண்ணெய் ஆகும். இது அரபு நாடுகளில் ஊது எனப்படுகிறது. அசாமின் ஹோஜாய் இதன் முக்கிய வணிக மையமாகும்.

நோயற்ற அகில் மரம் வெளிறியது, மணமற்றது. துளைப்புழு இட்ட துளைகளில் பூஞ்சை தொற்றும்போது, மரம் தற்காப்பாகக் கருநிறப் பிசினைச் சுரக்கிறது. அப்பகுதியைச் சில்லுகளாக்கி, பல நாட்கள் நீரில் ஊறவைத்துக் காய்ச்சி வடிக்கின்றனர். நீண்ட ஊறலால் மாட்டுத்தொழுவத்தை ஒத்த வாடை ஏறும். தோலில் இட்ட துளியில் அது மெல்லத் தணிந்து இனிய மரமணம் எஞ்சும். எனவே முதல் முகர்வில் தரத்தைக் கணிக்க இயலாது.

பிசின் உள்ள மரம் எதுவென வெளியே எளிதில் தெரியாததால், நோயற்ற காட்டு மரங்களும் வெட்டப்பட்டன. அசாமில் வளரும் அகில் இனம் 1995 முதல் சைட்டீசு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது. ஆகவே வளர்ப்பு மரத்திலிருந்து, உரிய அனுமதியுடன் வந்த எண்ணெயா என அறிந்து வாங்குதல் வேண்டும்.