‘எக்லேசியா’வும் ‘சபை’யும்: ஒரு சொல்லாய்வு

கிறித்தவ மறைநூலின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பெற்றது. அதன் தமிழ் மொழிபெயர்ப்புகளை ஆராய்ந்தோர் பெரும்பாலும் கடவுளைக் குறிக்கும் சொற்களிலேயே கருத்தூன்றினர். சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என அச்சொற்கள் மாறிவந்த வரலாறு பலரும் அறிந்ததே. மக்களைக் குறிக்கும் சொற்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. அவற்றுள் ஒன்றாகிய ‘எக்லேசியா’ என்னும் கிரேக்கச் சொல்லையும், அதற்கு ஈடாகத் தமிழில் நிலைபெற்ற ‘சபை’ என்னும் சொல்லையும் ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டது வகுப்பறை வினா ஒன்று. நீலகிரி மாவட்டத்து இத்தலாரிலிருந்து வந்து முதுகலை பயின்ற படுக மாணவர் ஒருவர், மொழிபெயர்ப்பிலக்கியம் பற்றிய வகுப்பில் மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தைப் படித்தார். தவறிழைத்த உடன்பிறந்தானிடம் முதலில் தனித்துப் பேசுக. அவன் கேளானாயின் ஓரிருவரைச் சான்றாக உடனழைத்துச் செல்க. அதற்கும் இணங்கானாயின் எக்லேசியாவுக்கு அறிவிக்க என்பது அப்பகுதியின் கருத்து. இங்கு 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘சபை’ என்றே கூறுகிறது. மாணவர் எழுந்து, “ஐயா, எங்கள் ஹட்டியில் இத்தகைய வழக்கு வந்தால் இறுதியில் ஊருக்குச் சொல்வோம். ஊர் என்றால் கூடியிருக்கும் மக்கள். இங்கே சபை என்பது யார்? கட்டடமா, ஆயரா, மக்களா?” என்று வினவினார்.

கிரேக்கச் சொல் மக்களையே குறித்தது என்று ஒரு தொடரில் விடை கூறிவிடலாம். ஆயினும் அவ்வையம் எழுந்தமைக்குக் காரணம் கிரேக்கத்தில் இல்லை. தமிழ்ச் சொல்லின் வரலாற்றில் உள்ளது. ஆதலின் இரு சொற்களையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

கிரேக்க வழக்கு

எக்லேசியா என்பது சமயச் சொல்லாகத் தோன்றியதன்று. ஏதென்சு முதலிய கிரேக்க நகரங்களில் குடிமக்கள் கூடி அரசியற் செய்திகளை முடிவு செய்த பேரவைக்கே அது பெயர். ஏதென்சில் அப்பேரவை பினிக்சு என்னும் குன்றில் கூடிற்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அது ஆண்டுக்கு நாற்பது முறையளவில் கூடியதென்பர். அதில் இடம்பெற்றோர் அகவை நிரம்பிய ஆண் குடிமக்கள் மட்டுமே. பெண்டிர்க்கும் அடிமைகளுக்கும் அயலூரிலிருந்து வந்து குடியிருந்தோர்க்கும் அங்கு இடமில்லை.

இச்சொல் ‘வெளியே’ எனப் பொருள்படும் முன்னொட்டும், ‘அழை’ எனப் பொருள்படும் வினையும் சேர்ந்து அமைந்தது. இதனைப் பற்றிக்கொண்டு, ‘உலகினின்றும் வெளியே அழைக்கப்பட்டோர்’ என்பதே இதன் பொருள் என்று விளக்குவோர் உளர். அது பொருந்தாது. ஏதென்சில் பேரவைக்குச் சென்ற குடிமகன் தன்னை உலகினின்றும் பிரிக்கப்பட்டவனாகக் கருதவில்லை. சொல்லின் பிறப்பு வேறு. வழக்கிற் பெற்ற பொருள் வேறு. சொற்பொருளின் காரணம் எளிதில் விளங்கத் தோன்றாது எனத் தொல்காப்பியர் உரியியலில் கூறியது ஈண்டு நினைக்கத்தக்கது. விவிலியச் சொற்களுக்குப் பிறப்பு வழியாகவே பொருள் காணும் முறையின் குறைகளை, சேம்சு பார் என்னும் அறிஞர் 1961இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

எழுபதின்மர் மொழிபெயர்ப்பு

சொல் சமயத்துறைக்கு வந்த வழி, எபிரேய மறைநூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய எழுபதின்மர் மொழிபெயர்ப்பே. அதில் ‘காகால்’ என்னும் எபிரேயச் சொல்லுக்குப் பல இடங்களில் எக்லேசியா ஈடாயிற்று. காகால் என்பதும் கூட்டம் என்னும் பொதுப்பொருளுடையதே. அதே காகாலுக்கு ஆதியாகமம் முதலிய நான்கு நூல்களில் ‘சுனகோகே’ என்னும் மற்றொரு சொல் ஆளப்பட்டுள்ளது; எக்லேசியா உபாகமத்திலேதான் முதன்முதல் வருகின்றது. ஆகவே இவ்விரண்டும் தொடக்கத்தில் மிக நெருங்கிய பொருளுடையனவாகவே இருந்தன. பின்னர் ஒன்று யூதர் கூட்டத்தையும் தொழுகையிடத்தையும், மற்றொன்று கிறித்தவர் கூட்டத்தையும் குறிப்பனவாகப் பிரிந்தன. தமிழில் சுனகோகே ‘ஜெபாலயம்’ என 1871இலும், ‘தொழுகைக்கூடம்’ என 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்திலும் வழங்கப்பெற்றுள்ளது. கூட்டத்தைக் குறித்த பழஞ்சொல் ஒன்று தமிழில் முழுதும் கட்டடப் பெயராகிவிட்டமை இதனால் விளங்கும்.

புதிய ஏற்பாட்டு வழக்கு

புதிய ஏற்பாட்டில் எக்லேசியா 114 இடங்களில் வருகின்றது. நற்செய்தி நூல்கள் நான்கனுள் மத்தேயு ஒன்றிலேயே, அதுவும் மூன்று முறையே, காணப்படுகின்றது. மாற்கு, லூக்கா, யோவான் நற்செய்திகளில் அச்சொல் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் 23 முறையும், பவுலின் பெயரால் வழங்கும் திருமுகங்களில் 62 முறையும், வெளிப்படுத்தின விசேஷத்தில் 20 முறையும் வருகின்றது. இவற்றுள் ஓரிடத்திலேனும் அது கட்டடத்தைக் குறிக்கவில்லை.

வழக்குகளைப் பின்வருமாறு வகுக்கலாம். முதலாவது, மக்கள் ஓரிடத்திற் கூடியிருக்கும் நிலை. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தில் ‘எக்லேசியாவாகக் கூடும்போது’ என்னும் பொருளில் வருவது இவ்வகை. இரண்டாவது, ஓரூரில் அல்லது ஒரு வீட்டிற் கூடும் வழக்கமுடைய குழுவினர். மூன்றாவது, எவ்விடத்தும் பரந்துள்ள நம்பிக்கையாளர் அனைவரும். மூன்றாவதன்கண் மக்கள் கூடியிராத போதும் எக்லேசியா உண்டு. முதலாவதன்கண் கூட்டம் கலைந்தால் எக்லேசியாவும் இல்லை.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது நடபடிகளின் 19ஆம் அதிகாரம். எபேசு நகரத்து வெள்ளித் தட்டார்கள் பவுலுக்கு எதிராகக் கிளர்ந்து, மக்களுடன் நகர அரங்கில் திரண்டனர். ஏன் கூடினோம் என்பதையே பலர் அறியாத அக்குழப்பமான கூட்டத்தையும் நூலாசிரியர் எக்லேசியா என்கிறார். நகரச் செயலர் எழுந்து, வழக்கிருந்தால் முறைப்படி கூடும் எக்லேசியாவில் தீர்த்துக்கொள்ளலாம் என்று கூறி, அந்த எக்லேசியாவைக் கலைத்துவிடுகிறார். பவுல் எந்தச் சொல்லால் தம் மக்களைக் குறித்தாரோ, அதே சொல் அவருக்கு எதிராகக் கூச்சலிட்ட கூட்டத்திற்கும் வழங்கப்பட்டுள்ளது. சொல் தன்னளவில் தூயதுமன்று, தீயதுமன்று. யார் கூடினர், எதற்குக் கூடினர் என்பவற்றாலேயே அது சிறப்புப் பெறும்.

தமிழில் ‘சபை’

சபை என்பது வடசொல். வடமொழியில் அது கூடுவோரையும் கூடும் மண்டபத்தையும் ஒருங்கே குறிக்கும். மாபாரதத்தின் சபாபருவம் மயன் கட்டிய மண்டபத்தாற் பெயர் பெற்றது. தமிழிலும் இவ்விரு பொருளும் உண்டு. சோழர் காலத்தில் பிரமதேய ஊர்களின் ஆட்சியவை சபை எனப்பட்டது. வேளாண் குடிகளின் ஊர்களில் ஆட்சியவை ‘ஊர்’ என்றே பெயர் பெற்றது. வணிகர் குழுவுக்கு ‘நகரம்’ என்பது பெயர். முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), சபையின் வாரியங்களுக்குக் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்குரிய தகுதிகளை வகுக்கின்றது. இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட அகவையும் வேண்டப்பட்டன. தகுதியுடையோர் அவை என்னும் குறிப்பு இவ்வாறு அச்சொல்லிற் படிந்தது.

இடப்பொருளுக்குத் தில்லைப் பொற்சபை முதலிய கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளும் சான்று. இராமலிங்க அடிகளார் 1865இல் நிறுவிய அன்பர் குழுவுக்குச் சங்கம் என்றும், 1872இல் வடலூரில் எழுப்பிய கட்டடத்திற்குச் சத்திய ஞான சபை என்றும் பெயரிட்டார். அதற்கு ஓராண்டு முன்னர், பவர் தலைமையிலான குழுவினரின் மொழிபெயர்ப்பு எக்லேசியாவுக்குச் சபை என்னும் சொல்லை வழங்கி வெளிவந்தது. ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒருபால் மக்களுக்கும் ஒருபால் இடத்திற்கும் ஒரே சொல் ஆளப்பட்டது காண்க.

ஆகுபெயர் நோக்கு

இதனை நம் இலக்கண முறையால் விளக்குவது எளிது. ‘ஊர் சிரித்தது’ என்புழி இடப்பெயர் மக்களுக்கு ஆயிற்று, இஃது இடவாகுபெயர். ‘கூட்டம்’ என்பது கூடுதலாகிய தொழிலின் பெயர். அது கூடிய மக்களைக் குறிக்கும்போது தொழிலாகுபெயர். எக்லேசியாவும் இவ்வாறே அழைத்துக் கூட்டும் தொழிலிலிருந்து கூடிய மக்களுக்கு ஆயிற்று. பின்னர் ஐரோப்பிய மொழிகளில் அம்மக்கள் கூடும் கட்டடத்திற்கும் அப்பெயர் ஏறியது. பிரெஞ்சு ‘எக்லீசு’, போர்த்துக்கீசிய ‘இக்ரேசா’ என்பன அவ்வழி வந்தவை. உள்ளிருப்பதன் பெயர் அஃது இருக்கும் இடத்திற்கு ஆதலின் இதனைத் தானியாகுபெயர் போல்வதெனலாம். சபையோ இருபாலும் நிற்பது. ஆதலின் படிப்போன் தன் பழக்கத்திற்கேற்ப மக்களென்றோ இடமென்றோ கொள்ள நேர்கின்றது.

மொழிபெயர்ப்பாளரும் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்திருந்தனர் போலும். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா ஆகியோரின் ‘வீட்டிலுள்ள எக்லேசியா’ என்பதே கிரேக்கத் தொடர். 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்போ ‘கூடிவருகிற’ என்னும் பெயரெச்சத்தைச் சேர்த்துச் சபை என்கிறது. வீட்டினுள் மற்றொரு கட்டடமா என்னும் ஐயம் எழாதவாறு, சபையில் மங்கியிருந்த கூடற்பொருளை அவ்வெச்சம் மீட்டுத் தருகின்றது. இது பாராட்டற்குரிய நுட்பம். ஆனால் எபேசு நிகழ்ச்சியில் அதே நூல் ‘கூட்டம்’, ‘நியாயசங்கம்’ என வேறு சொற்களை ஆள்கின்றது. பொருள் தெளிவாயிற்று, ஆயினும் மூலத்தில் ஒரு சொல்லே இருந்தது என்பதைத் தமிழ் மட்டும் படிப்போன் அறிய வழியில்லை. ‘திருச்சபை’ என்னும் பிற்கால வழக்கில் அடைமொழியும் சேர்ந்து, பொது வழக்கினின்றும் சொல்லை மேலும் விலக்கிவிட்டது.

சொல்லால் விளையும் பொருட்டு

இது வெறும் சொல் வேறுபாடன்று என்பதற்கு ஆங்கில நாட்டு வரலாறு சான்றாகும். வில்லியம் திண்டேல் 1526இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில், எக்லேசியாவுக்குச் ‘சர்ச்சு’ என்னும் சொல்லை விலக்கி, மக்கள் கூட்டம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஆண்டார். தாமசு மோர் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். சொல் மக்களைக் குறிப்பின் அதிகாரம் யாரிடத்தது என்பதே அப்பூசலின் உள்ளீடு. பின்னர், 1604இல் முதலாம் சேம்சு மன்னர் தொடங்கிய மொழிபெயர்ப்புப் பணிக்கு வகுக்கப்பெற்ற விதிகளுள் ஒன்று, ‘சர்ச்சு’ என்னும் சொல்லை மாற்றலாகாது என்று பெயர் சுட்டியே விதித்தது.

நீலகிரியில் பேசல் மிசன் 1846 அளவில் கேத்தியில் பணி தொடங்கியது. அதனைச் சார்ந்தோர் லூக்கா நற்செய்தியைப் படுக மொழியில் பெயர்த்தனர். மேலே காட்டியவாறு லூக்காவில் எக்லேசியா என்னும் சொல்லே இல்லை. ஆதலின் அதற்குப் படுகச் சொல் யாது என்னும் வினா அந்நூலில் எழவில்லை. மத்தேயுவின் 18ஆம் அதிகாரத்தை எடுத்திருப்பின், ஊர் கூடி வழக்குத் தீர்க்கும் மரபுடைய மக்களின் சொல்லையே அவர்கள் நாடியிருத்தல் கூடும்.

இனி, மாணவரின் வினாவிற்கு வருவோம். மத்தேயுவின் அவ்விடத்தில் எக்லேசியா கட்டடமன்று, அலுவலர் ஒருவருமல்லர், கூடியுள்ள மக்களே. இத்தலார் மாணவர் ‘ஊருக்குச் சொல்வோம்’ என்றது மூலத்தின் பொருளுக்கு மிக அணித்தாக நிற்கின்றது. ஆயினும் ஊர் என்றே பெயர்த்துவிடலாம் என்பது நம் கருத்தன்று. ஊரிற் பிறத்தலால் ஒருவர் ஊராராவர். புதிய ஏற்பாட்டு எக்லேசியாவிலோ யூதரும் கிரேக்கரும், அடிமையரும் உரிமையுடையோரும், ஆடவரும் பெண்டிரும் பிறப்பு நோக்காது இடம்பெற்றனர். ஏதென்சின் பேரவைக்கும் உத்திரமேரூரின் சபைக்கும் இருந்த எல்லையை அது கடந்தது. ஊர் என்னும் சொல் மக்களைத் தரும், இவ்விரிவைத் தராது. சபை என்னும் சொல் நிலைபேற்றைத் தரும். கூடற்பொருளை மங்கச் செய்யும்.

மொழிபெயர்ப்பிலக்கியத்தை ஆராய்வோர், ஒரு மூலச் சொல்லுக்கு எத்தமிழ்ச் சொல் வந்தது எனப் பட்டியலிடுவதோடு அமைதல் போதாது. அச்சொல் மூலத்தில் ஒன்றாயிருந்து தமிழில் எங்கெங்குப் பிரிந்தது, தமிழ்ச் சொல் முன்னரே தாங்கிவந்த பொருள்கள் யாவை, அவை படிப்போனை எத்திசையில் ஈர்க்கின்றன என்பவற்றையும் காணல் வேண்டும். சுனகோகே முதலிய பிற சொற்களையும் இம்முறையில் ஆராயின், தமிழ் உரைநடை வரலாற்றுக்கும் அது பெரிதும் பயன்படும்.