ட்ரங்க் பெட்டி, ஹிம்சாகர், ஏழாம் மாசம்!

ஷ்... மெதுவாக உள்ளே வாருங்கள், பெயின்ட் இன்னும் காயவில்லை! ஹாலில் வரிசைகட்டி நிற்கிற கறுப்பு ட்ரங்க் பெட்டிகளைப் பார்த்து மிரள வேண்டாம். எங்கள் குடித்தனம்தான் அதற்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மூடியிலும் வெள்ளை எழுத்தில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கடைசியாக இறங்க வேண்டிய ஸ்டேஷன்: காட்பாடி. எழுதுகிற பெயின்டர் பஞ்சாபிக்காரர்தான். ஆனால் வேலூர்ப் பக்கத்து ஜவான்கள் இத்தனை பேர் இங்கே இருந்து போனதில், காட்பாடியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்.

யூனிட் பெயரை மட்டும் கையால் மறைத்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் அடுத்துப் போகிற, குடும்பத்துக்கு இடமில்லாத ஃபீல்டு எங்கே என்றும் கேட்கக் கூடாது. மிச்சத்தையெல்லாம் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்திருந்தால் வயிற்றில் இருப்பவருக்கே பொறுக்காது!

இடம் பதான்கோட். பஞ்சாபின் வடக்கு ஓரம், ஒரு பக்கம் ஜம்மு, ஒரு பக்கம் இமாச்சல். வானம் தெளிவாக இருந்தால் மொட்டைமாடியிலிருந்து பனிமலை தெரியும். அவர் ஹவில்தார். நான் தலைச்சன் பிள்ளைத்தாய்ச்சி. போஸ்டிங் ஆர்டரும் பரிசோதனைப் பட்டையின் இரண்டு கோடும் முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்தன. அவர் ஃபீல்டுக்கு, நான் ஊருக்கு.

எங்கள் போர்க்கள வரைபடம் சமையலறைக் காலண்டர்தான். அதில் எல்லாமே பின்னாலிருந்து முன்னால் வரும். பிரசவம் பிப்ரவரியில். மிலிட்டரி ஆஸ்பத்திரியை இங்கே எல்லோரும் ‘எம்.ஹெச்.’ என்பார்கள். அங்கே டாக்டரம்மா, “32 வாரத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடு” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முழுக்க வடக்கே மூடுபனி. எந்த ரயில் எப்போது வரும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியாது. ஆக நவம்பர் கடைசி. அதற்கேற்ற மாதிரி அவருடைய ஆனுவல் லீவ் சாங்ஷன் ஆக வேண்டும். வருஷத்துக்கு 60 நாள் உண்டு என்பது பேப்பரில். எந்த 60 நாள் என்பதுதான் சஸ்பென்ஸ்!

இதற்கு மேல் ஊரிலிருந்து என் மாமியார் போனில் இன்னொரு கோடு போட்டார். வளைகாப்பு ஏழாம் மாசமா, ஒன்பதாம் மாசமா? அத்தை சாதாரண ஆள் இல்லை. ராணுவப்பேட்டை என்றே பேர்பெற்ற கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு வீடு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர் அது. ‘56 ஏ.பி.ஓ.’ என்று பட்டாளத் தபால் முகவரி மட்டும் எழுதி மாமாவுக்குக் கடிதம் போட்டுக் காலம் தள்ளியவர். அவர் தீர்ப்பு: “ஏழுலயே போட்டுடலாம்மா. முதல்ல நம்ம வீட்டுக்கு வா. வளையல் போட்ட பிறகுதான் உங்கம்மா கூட்டிட்டுப் போகணும்.” அதாவது, இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வருவதற்கு லீவும் டிக்கெட்டும் ஒத்துவந்தால் போதும். கம்மவான்பேட்டையிலிருந்து காட்பாடி அம்மா வீட்டுக்கு, டவுன் பஸ் மாறிப் போகிற தூரத்துக்கு, ராகுகாலம் எமகண்டம் எல்லாம் பார்த்து நேரம் குறித்தாயிற்று!

சரி, விமானமா, ரயிலா? குடும்ப வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிளந்ததே இதில்தான். அண்ணன் விமானக் கட்சி. பல விமான நிறுவனங்கள் ஏழு மாதக் கர்ப்பிணியைத் தாராளமாக ஏற்றிக்கொள்கின்றன. எட்டாம் மாதத்தில் டாக்டர் சான்று கேட்பார்கள், ஒன்பது பிறந்துவிட்டால் கஷ்டம். ஆனால் இங்கிருந்து அமிர்தசரஸ் நூறு கிலோமீட்டருக்கு மேல் கார். பிறகு டெல்லியில் மாறி சென்னை. அங்கிருந்து மறுபடி கார். ஏறி இறங்கி ஏறி இறங்கியே இடுப்பு கழன்றுவிடும்.

எங்கள் ஹிம்சாகரைப் பாருங்கள்! ஜம்முப் பக்கத்துக் கட்ராவில் கிளம்பிக் கன்னியாகுமரி வரை போகிற வண்டி. வாரத்துக்கு ஒரே ஒரு முறை. பதான்கோட் கன்டோன்மென்ட்டில் ஏறினால் பஞ்சாப், டெல்லி, போபால், நாக்பூர், விஜயவாடா, திருப்பதி எல்லாம் ஜன்னலில் காட்டிவிட்டு நேராகக் காட்பாடியில் இறக்கிவிடும். பழைய ஆட்கள் பதான்கோட் கன்டோன்மென்ட்டை இன்னும் சக்கி பேங்க் என்றுதான் சொல்வார்கள். பெயர் மாறினாலும் ஆட்டோக்காரருக்கு அதுதான் புரிகிறது. டாக்டரம்மாவும் ரயிலுக்கே தலையாட்டினார், நிபந்தனைகளோடு: லோயர் பெர்த் கட்டாயம், உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டும், அதனால் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பிரசவ கார்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் ட்ரங்கில் அல்ல, கைப்பையில்.

டிக்கெட் எடுத்த காலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். முன்பு 120 நாள் முன்னதாகவே எடுத்து வைக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. லீவ் எப்போது என்றே தெரியாத பட்டாளத்துக் குடும்பங்களுக்கு இது வரம்தான், என்னைக் கேட்டால். அவர் பட்டாளத்து ரயில் வாரன்டோடு, நான் வயிற்றோடு, காலை எட்டு மணிக்குக் கவுன்ட்டர் திறக்கும்போது முன்வரிசை! ஸ்லீப்பரில் பெட்டிக்கு ஆறேழு, மூன்றடுக்கு ஏசியில் நான்கைந்து, இரண்டடுக்கில் மூன்று நான்கு லோயர் பெர்த்துகளை முதியவர்கள், 45 வயதைத் தாண்டிய பெண்கள், கர்ப்பிணிகளுக்காகத் தனியே வைத்திருக்கிறார்கள். எம்.ஹெச். சான்றை நீட்டினேன். கிளார்க் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, “சான்றே வேண்டாம் போலிருக்கிறதே” என்று இந்தியில் சொன்னார். பின்னால் நின்ற வரிசையே சிரித்தது.

இப்போது பரம ரகசியம். யாரிடமும் சொல்லாதீர்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு ‘மார்ச்சிங் அவுட்’ என்று பெயர். ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கிற எம்.இ.எஸ். ஆள் பட்டியலோடு வந்து விசிறி, குழாய், கீசர், ட்யூப் லைட், சுவர் எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார். சேதம் இருந்தால் பணம் பிடித்தம். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளுக்கு? வெள்ளை டூத்பேஸ்ட்! விரலால் அடைத்து, காய்ந்ததும் துணியால் ஒரு தேய். மாடி வீட்டு இமாச்சல் பாபி, அதாவது அண்ணி, சொல்லிக்கொடுத்த வித்தை. வீடு முழுக்கப் புதினா வாசனை அடிக்கிறதே, அது இதனால்தான்!

கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பிக் கொடுத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்கியாயிற்று. அதைத் தொலைத்தால் ஊரில் இணைப்பு வாங்கத் திண்டாட வேண்டும். ஏர்கூலர் பீகார்க்காரர் வீட்டுக்கு. தொட்டிக் கறிவேப்பிலை எதிர்வீட்டு மலையாளச் சேச்சிக்கு. அதைப் பிரியத்தான் கண் கலங்கியது. எங்கள் வீட்டின் ஒரே உண்மையான சண்டை வெட் கிரைண்டரால் வந்தது. மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு 40 கிலோதான் இலவசம், பெரிய ட்ரங்குகள் தனி லாரியில் போகின்றன. “கல்லைத் தூக்கிக்கிட்டு இந்தியாவைக் குறுக்கே தாண்டணுமா?” என்றார் ஹவில்தார். தாண்டணும் என்றேன். இப்போது அது ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையில் சுற்றப்பட்டு, மூன்றாம் நம்பர் ட்ரங்கில், நான் படுத்திருப்பதைவிடச் சொகுசாகப் படுத்திருக்கிறது.

அதைவிட அழகு நேற்று நடந்தது. ஊரில் வளைகாப்பு இருக்கட்டும், எங்களை ஏமாற்றிவிட்டுப் போகலாமா என்று பாபிகள் எல்லாம் சேர்ந்து வடக்கத்தி வளைகாப்பான ‘கோத் பராய்’ நடத்திவிட்டார்கள். சிவப்புத் துப்பட்டாவைத் தலையில் போட்டு, மடி நிறையத் தேங்காயும் உலர்பழமும் கொட்டி, டோலக் அடித்து ஒரே ஆட்டம்! திருநெல்வேலி அக்கா நடுவில் குலவை போட்டார். பஞ்சாபிகள் அசந்துபோய் அவரைத் திரும்பப் போடச் சொன்னார்கள். கோதுமை மாவை நெய்யில் வறுத்து, கோந்தும் பாதாமும் சேர்த்த பஞ்சீரி ஒரு டப்பா நிறைய வந்திருக்கிறது. பிள்ளை பெற்ற பிறகு சாப்பிட வேண்டியதாம். அங்கே அம்மா பிரசவ லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்கி வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே அலமாரியில் சந்திக்கப்போகின்றன.

ராணுவக் குடும்பப் பெண்களின் நலச் சங்கமான ‘ஆவா’ 1966 முதல் இருக்கிறது. கூட்டம், பயிற்சி என்று நன்றாகவே நடத்துகிறார்கள். ஆனால் அவசரத்துக்கு ஓடிவருகிற டிபார்ட்மென்ட் இந்த மாடிப்படிதான். அவர் டியூட்டியில் இருந்த ராத்திரிகளில் எனக்குக் காவல் இருந்தது இந்த பாபிகளே.

என்னைப் போல வயிறும் ட்ரங்குமாக ஊருக்குக் கிளம்பப்போகிற தங்கைகளே, உங்களுக்கு ஒன்று. டிக்கெட்டைப் போனில் தட்டி அப்பர் பெர்த் வாங்கிக்கொண்டு அழாதீர்கள். டாக்டர் சான்றோடு நேரே கவுன்ட்டருக்குப் போய், கர்ப்பிணிக்கான லோயர் பெர்த் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கிற ஹவில்தார் கூச்சப்பட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்!