தேக்கும் பித்தளையும் மின்னும் லாயம்

ஸ்காட்லாந்தில் டன்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது மேண்டர்ஸ்டன் மாளிகை. அதன் உரிமையாளர் சர் ஜேம்ஸ் மில்லர் பந்தயக் குதிரைகளில் உயிரையே வைத்திருந்தவர். 1890 டெர்பி பந்தயத்தில் வென்ற ‘செயின்ஃபாயின்’ அவருடைய குதிரை. மாளிகையை அவர் விரிவாக்கிக் கட்டியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். குதிரைகளுக்கோ 1895-லேயே லாயம் எழும்பிவிட்டது. இரண்டுக்கும் கட்டடக் கலைஞர் ஜான் கின்ராஸ்.

உள்ளே நுழைந்தால் தேக்கு மரத்தில் வளைந்தோடும் கூரை, தேக்குத் தடுப்புகள், பளபளக்கும் பித்தளைத் தூண்கள். ஒவ்வொரு குதிரையின் பெயரும் அதன் இடத்துக்கு மேலே சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இத்தனை ஆடம்பரம் அபூர்வம். ஆனால் விக்டோரியா காலத்துப் பண்ணை மாளிகைகளின் லாயங்களில் அழகைவிட அதிகம் யோசித்தது காற்றைப் பற்றித்தான். நடுவில் முற்றம், சுற்றிலும் கட்டடம், வாயிலில் வளைவு, பல இடங்களில் அதன் மேல் ஒரு மணிக்கூண்டு: வெளித்தோற்றம் இவ்வளவுதான். குதிரையின் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். அதனால் தரையில் கெட்டியான நீலச் செங்கல் பாவினார்கள். அதில் வெட்டிய பள்ளக் கோடுகள் ஈரத்தை வடிகாலுக்கு இழுத்துச் செல்லும், குளம்பும் வழுக்காது. ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன, குளிர்காற்று நேராகக் குதிரையின் மேல் அடிக்காமலிருக்க. சூடான கெட்ட காற்று கூரை முகட்டுத் திறப்புகள் வழியே வெளியேறியது.

அதே அம்மோனியா சாரட்டு வண்டியின் வார்னிஷையும் மங்கச் செய்யும். ஆகவே வண்டிக் கொட்டகைக்கும் லாயத்துக்கும் இடையே நேர்க்கதவு வைப்பதைத் தவிர்த்தார்கள். சேணமும் கடிவாளமும் தொங்கும் அறைக்குத் தனியாக ஓர் அடுப்பு. ஈரம் பட்டால் தோல் பூஞ்சை பிடித்துவிடும் அல்லவா?

குதிரைக்காரர்களோ பெரும்பாலும் மாடியில், லாயத்துக்கு நேர்மேலே படுத்தார்கள். நள்ளிரவில் ஒரு குதிரை வயிற்றுவலியால் தரையை உதைத்தாலும் அவர்கள் காதில் விழும். மேண்டர்ஸ்டனின் சலவைக்கல்லில் குதிரைகளின் பெயர்கள் நிற்கின்றன. அவற்றைத் தேய்த்துக் குளிப்பாட்டியவர்களின் பெயர்களையும் எங்காவது பொறித்திருக்கலாம்.

மோட்டார் வந்ததும் முதலில் மாறியவை வண்டிக் கொட்டகைகள். சாரட்டுக்காக வைத்த அகன்ற கதவுகள் காருக்கும் போதுமானவையாக இருந்தன. லாயங்கள் சில தேநீர்க் கடைகளாயின. இங்கிலாந்தில் ரோத்ஸ்சைல்ட் குடும்பம் கட்டிய வாடஸ்டன் மாளிகையின் லாயத்தில் இன்று சிற்றுண்டியகமும் கலைக்கூடமும் நடக்கின்றன.